எடை குறையட்டும் என்று காத்திருக்காமல் பரிசோதனைக்குப் போவது எப்படி?

எனக்கு வயது 54, எடை 112 கிலோ. கருப்பை வாய்ப் பரிசோதனையை ஒன்பது வருடம் தள்ளிப்போட்டவள் நான். முதல் தடவை போனபோது கொடுத்த கவுன் பாதி உடம்பைக்கூட மூடவில்லை. பார்த்த மருத்துவர், "ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். எடையும் குறையவில்லை, நானும் போகவில்லை.

யோசித்தால் இது தலைகீழ்க் கணக்கு. மாதவிடாய் நின்று சினைப்பைகள் ஓய்ந்த பிறகும் உடம்பிலுள்ள கொழுப்பு ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொண்டே இருக்கிறது. மார்பிலும் கருப்பையின் உட்சுவரிலும் செல்கள் பெருக அது தூண்டுகோல். கூடுதல் எடையோடு தொடர்புள்ள புற்றுநோய்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் 13 வகைகளைச் சொன்னது. மெனோபாஸுக்குப் பின் வரும் மார்பகப் புற்றுநோயும் கருப்பைப் புற்றுநோயும் அதில் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோயின் கதை வேறு. அது பெரும்பாலும் ஹெச்பிவி வைரஸால் வருவது. ஆனால் பரிசோதனைக்கே போகாவிட்டால், ஆரம்பத்திலேயே பிடிக்கும் வாய்ப்பு கைநழுவிப் போகும்.

சரி, போவது என்று முடிவெடுத்தால் முதல் வேலை போன் பண்ணுவது. பெரிய அளவு கவுன் இருக்கிறதா, பரிசோதனைப் படுக்கை எத்தனை கிலோ தாங்கும், நீளமும் அகலமும் கூடிய ஸ்பெகுலம் (கருப்பை வாயைப் பார்க்க உள்ளே வைத்து விரிக்கும் கருவி) வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எனக்கு இதைக் கேட்கவே நாக்கு ஒட்டிக்கொண்டது. எடுத்தவரோ, காய்கறி விலை சொல்வதுபோலச் சாதாரணமாகப் பதில் சொன்னார். இல்லை என்று இழுத்தால் வேறு இடம் பாருங்கள். கவுனை நம்பாமல் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையும், கீழே தனி உடுப்பும் போட்டுக்கொண்டு போனால் பாதி உடம்பாவது எப்போதும் மூடியிருக்கும்.

உள்ளே நுழைந்ததும் எடை மெஷினைக் காட்டுவார்கள். பாப் ஸ்மியருக்கோ (கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பது) மேமோகிராமுக்கோ (மார்பக எக்ஸ்ரே) எடை தெரிய வேண்டியதில்லை. "இன்று வேண்டாமே" என்று சொல்லலாம். நான் சொன்னேன், நர்ஸ் பேனாவை மூடி வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

பாப் ஸ்மியரில்தான் நம்மைப் போன்றவர்களுக்குச் சிக்கல். கருப்பை வாய் தெரியாததற்குக் காரணம், பெரும்பாலும் யோனியின் பக்கச் சுவர்கள் உள்ளே சரிந்து மறைப்பது. இதற்கு வழி இருக்கிறது. நுனியை வெட்டிய ஆணுறையையோ கையுறை விரலையோ ஸ்பெகுலத்தின் மேல் உறைபோல மாட்டினால் சுவர்கள் சரியாமல் நிற்கும். இடுப்புக்குக் கீழே தலையணை வைத்தாலும், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலும் பலருக்குத் தெளிவாகத் தெரியும். "போன தடவை தெரியவில்லை என்றார்கள், இப்படிச் செய்து பார்க்கலாமா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. முடிவு வரும்போது "மாதிரி போதவில்லை" என்று இருந்தால் அது "நார்மல்" ஆகாது, திரும்ப எடுக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் வந்தது. எரிச்சலோடுதான் மறுபடி போனேன்.

இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது. 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை ஹெச்பிவி டிஎன்ஏ பரிசோதனை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. அதற்கான மாதிரியை ஒரு குச்சியால் நாமே எடுக்கலாம். ஸ்பெகுலமே வேண்டாம். வைரஸ் இருப்பதாக வந்தால் மட்டும் மருத்துவரிடம் நேரில் போய்ப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

மேமோகிராம் இதைவிடச் சுலபம். கொழுப்பு மிகுந்த மார்பகம் படத்தில் கருமையாகத் தெரியும், கட்டி வெள்ளையாக விழும். அதனால் நமக்குப் படம் தெளிவாகவே வரும் (உடம்பு நமக்குச் செய்யும் அபூர்வ உபகாரம்!). மார்பகம் பெரிதாக இருந்தால் வழக்கமான நான்கு படங்களுக்கு மேல் எடுப்பார்கள். எதையோ பார்த்துவிட்டார்கள் என்று பதறாதீர்கள், தட்டுக்குள் முழுவதும் அடங்கவில்லை, அவ்வளவே. அன்று பவுடரும் டியோடரண்டும் வேண்டாம், படத்தில் புள்ளிகளாகத் தெரியக்கூடும். மார்புக்கு அடியில் புண்ணோ அரிப்போ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பார்த்துப் பிடிப்பார்கள்.

அப்புறம் ஒன்று. கருப்பையின் உள்ளே வரும் புற்றுநோயைக் கண்டுபிடிக்க பாப் ஸ்மியரை நம்ப முடியாது. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். "எடையைக் குறையுங்கள்" என்று அங்கேயும் ஆரம்பித்தால், "அதை இன்னொரு நாள் பேசலாம், இன்று ரத்தம் எதனால் என்று பாருங்கள்" என்று சொல்லுங்கள்.