மாமாவின் வின்செஸ்டருக்கு விலை கண்டுபிடித்தது

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இருந்த மாமா காலமான பிறகு, அவருடைய வேட்டைத் துப்பாக்கிக்கு அங்குள்ள ஒரு கடைக்காரர் சொன்ன விலை அத்தைக்குச் சரியாகப் படவில்லை. என்னிடம் கேட்டார். வின்செஸ்டர் நிறுவனத்தின் 94 மாடல், அடியிலுள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் வகை. சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது கடுங்குற்றம், அதனால் இங்கே கொண்டுவரும் பேச்சே இல்லை. ஈசூனில் வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப் படங்களை வைத்துத்தான் பார்த்தேன்.

விவரம் தெரிந்தவர் ஒருவர் உள்ளே தோட்டா இல்லை என்று உறுதிசெய்த பிறகே படம் எடுக்கச் சொன்னேன். முதலில் அடிப்பக்கத்து வரிசை எண்; எந்தக் காலத்துத் தயாரிப்பு என்று அதை வைத்துத் தெரியும். 1964இல் செலவைக் குறைக்க நிறுவனம் தயாரிப்பு முறையை மாற்றியது. அதற்கு முந்தையவற்றையே சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். மாமாவுடையது முந்தையது.

அப்புறம் உலோகத்தின் கருநீலப் பூச்சு. அத்தை தேய்த்துப் பளபளப்பாக்கலாமா என்றார். தொடவே வேண்டாம் என்றேன். பழைய வெண்கல விளக்கைப் புளி போட்டுத் துலக்குவதுபோல இதைத் துலக்கினால் விலை விழுந்துவிடும். தேய்ந்த அசல் பூச்சுக்கே மதிப்பு அதிகம். தொலைநோக்கி பொருத்தப் பிற்காலத்தில் போட்ட துளைகள், வெட்டிக் குறுக்கிய மரப்பிடி இருந்தாலும் விலை குறையும். இதில் இரண்டும் இல்லை.

விற்பவர்கள் கேட்கும் விலையை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஏலத்தில் உண்மையில் விற்றுமுடிந்த விலைகளில், இதே தோட்டா அளவும் இதே நிலையும் உள்ளவற்றை மட்டும் ஒப்பிட்டேன். கடைக்காரர் சொன்னதைவிடத் தெளிவாகவே கூடுதல். அந்தப் பட்டியலோடு அத்தை உரிமம் பெற்ற வேறொரு வியாபாரியிடம் போனார். நியாயமான விலை கிடைத்தது.