கப்பலேறிப் போன குடியானவரின் குடும்பத்தைத் தேடும் முறை

காவிரிப் படுகையில், "எங்கள் பாட்டனாரின் தமையனார் அக்கரைச் சீமைக்குப் போனார், பிறகு தகவலே இல்லை" என்று சொல்லும் குடும்பங்கள் பல உண்டு. அவர் எங்கே பயிர் செய்தார், யாரை மணந்தார், அவருடைய வழிவந்தவர்கள் யார் என்று அறிய விரும்புவோர் பெரும்பாலும் பெயரை மட்டும் வைத்துத் தேடி அலுத்துப்போகிறார்கள். முனுசாமி, வீராசாமி போன்ற பெயர்கள் ஒரே கப்பலில் பலருக்கு இருந்திருக்கும். தகப்பனார் பெயரையும் ஊர்ப் பெயரையும் உறுதி செய்துகொண்ட பிறகே பதிவேட்டின் பக்கம் போக வேண்டும்.

எனவே முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது. வயதானவர்களிடம், அதிலும் அந்த வீட்டில் பிறந்து வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட பெண்களிடம், போனவரின் தகப்பனார் யார், குலதெய்வம் எது, போன இடம் மலாயாவின் பினாங்கா, மோரீசா (மொரீஷியஸ் தீவு), தென்னாப்பிரிக்காவின் நெட்டாலா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "தாது வருஷப் பஞ்சத்தில் போனார்" என்றால் அது 1876-77. ஆனால் தமிழ் ஆண்டுகள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை என்பதால், 1816, 1936 ஆகியவையும் தாதுதான் என்பதை மனத்தில் வைத்துத் தலைமுறைக் கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

போன நாட்டைப் பொறுத்தே தேடும் வழி அமையும். நெட்டாலுக்கு முதல் கப்பலான 'ட்ரூரோ' 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பனைச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடல் அடையாளம் ஆகியவற்றை எழுதிவைத்த கப்பல் பட்டியல்கள் டர்பனில் காக்கப்படுகின்றன. மோரீசுக்குப் போனவர்களுக்கும் இப்படி எண் உண்டு; அந்தப் பதிவுகளை அத்தீவின் மோகா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் கேட்கலாம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கங்காணியோடு (தோட்டத்துக்கு ஆள் திரட்டிய மேஸ்திரி) மலாயாவுக்குப் போனவர்களுக்கு இத்தகைய சீரான பட்டியலை எதிர்பார்க்காமல், வீட்டில் மிஞ்சிய கடிதம், பணம் அனுப்பிய ரசீது, தோட்டத்தின் பெயர் ஆகியவற்றையே பிடித்துக்கொள்வது நல்லது.

பட்டியலைப் படிப்பது தனிக் கலை. காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதிய குமாஸ்தாக்களால் முதலியார் 'மூட்லி' ஆனார், கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். ஆகவே எழுத்தைப் பாராமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எனக்கு ஒருமுறை வந்த நகலில் ஊர் 'ட்ரிவலூர்' என்று இருந்தது. ஜில்லாப் பத்தி வெட்டுப்பட்டிருந்ததைக் கவனிக்காமல், திருவாரூருக்குப் பதிலாகத் திருவள்ளூர்ப் பக்கம் இரண்டு மாதம் அலைந்தேன். அன்றிலிருந்து வரி முழுவதும் தெரியும் நகலைத்தான் கேட்டு வாங்குகிறேன். சாதியையும் வயதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆள்சேர்ப்பவர் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னவர்களும் உண்டு. உடல் அடையாளம் அப்படிப்பட்டதன்று. இடக்கைச் சுண்டுவிரலில் தழும்பு என்று கண்டால், கதிரைப் பிடித்த கையில் கருக்கரிவாள் பட்டிருக்கலாம் என்று டெல்டாவில் அறுப்பறுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண் கிடைத்துவிட்டால் அதைக் கொண்டே பின்வரும் வாழ்க்கையைத் தொடரலாம். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடித்த பலர் டர்பனைச் சுற்றிலும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி, மக்காச்சோளம், புகையிலை பயிரிட்டார்கள். 1895-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வந்தவர்கள், மீண்டும் ஒப்பந்தம் எழுதாமல் தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டியிருந்ததால், அதே எண் இரண்டாவது முதலாளியிடம் தென்பட்டால் வியப்படைய வேண்டாம். குடும்பத்தை அறிவதற்கு நான் பெரிதும் நம்புவது இறப்பு அறிவிப்பையும் சொத்துக் கோப்பையும்தான்: மனைவி, மக்கள், பெற்றோர், விட்டுச்சென்ற நிலம் யாவும் ஒரே இடத்தில் கிடைக்கக்கூடும். மனைவியைத் தனியாகவும் தேடுங்கள், ஏனெனில் அவருக்கும் தனி எண் இருந்திருக்கும், அவர் வேறொரு கப்பலில் வந்தவராகவும் இருக்கலாம்.

இங்கே ஊரில், நிலமுள்ள குடும்பமாக இருந்தால் பழைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்டப்) பதிவேட்டையும் பாகப்பிரிவினைப் பத்திரங்களையும் பார்க்கலாம். பண்ணையாளாக இருந்து போனவரைப் பட்டாவில் தேடிப் பயனில்லை, அவருக்குக் குலதெய்வக் கோயிலும் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடும்தான் வழி. அன்றைய தஞ்சாவூர் ஜில்லா இன்று தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை எனப் பிரிந்திருப்பதால், அந்தக் கிராமம் இப்போது எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள். ஊருக்குள் நுழைந்ததும் நிலத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்று எண்ணிக் கதவைச் சாத்திவிடுவார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கலிடும் நாளில் போய், போனவரின் தகப்பனார் பெயரைச் சொல்லி விசாரியுங்கள்.