டிஎஸ்பி போர்டிலிருந்து கணினிக்கு வீடியோ: யூஎஸ்பி கேபிளை நம்பாதீர்கள்

லேப் அலமாரியில் தூசி படிந்து கிடந்த டிஎம்6437 ஈவிஎம் போர்டை (டிஎஸ்பி எனும் சிக்னல் பிராசசர் சிப்பைச் சோதித்துப் பார்க்கும் பலகை) எடுத்து, கேமரா படத்தை அதில் பிராசஸ் செய்து கணினித் திரையில் பார்க்க எனக்கு மூன்று வார இறுதிகள் போயின. அதில் இரண்டு என் முட்டாள்தனத்தால் போனவை.

முதலில் வயரிங். பால் (PAL என்ற டிவி முறை) கேமராவின் மஞ்சள் கேபிளைக் காம்போசிட் இன்புட்டில் செருகுங்கள், அப்புறம் லேன் கேபிள். யூஎஸ்பியை மட்டும் டிரைவர் நிறுவிய பிறகே செருகுங்கள்.

அந்த யூஎஸ்பி வழியாகத்தான் வீடியோ வரும் என்று நானும் நினைத்தேன். வராது. அது ஜேடேக், புரோகிராமை ஏற்றவும் பிழை தேடவும் மட்டும்தான். வீடியோவுக்கு லேன். ஆனால் 720×576 படம், பிக்சலுக்கு 2 பைட், நொடிக்கு 25 என்றால் சுமார் 166 மெகாபிட் ஆகிறது. போர்டின் லேன் 100 மெகாபிட்தான். அதனால் படத்தைச் சுருக்கியே ஆக வேண்டும்.

அதற்கு முன் என்னைப் படுத்திய இடம். போர்டுக்குப் புரோகிராம் எழுதி ஏற்றும் மென்பொருளான கோட் கம்போசர் ஸ்டுடியோவில் போர்டு கனெக்ட் ஆகிவிட்டது, புரோகிராமை லோட் செய்தால் மட்டும் 80000000 என்ற ஹெக்ஸ் முகவரியில் வெரிஃபிகேஷன் பிழை. போர்டே போய்விட்டது என்று நினைத்து வேறு கேபிள், வேறு கணினி எல்லாம் மாற்றிப் பார்த்தேன். அந்த முகவரியில் இருப்பது டிடிஆர்2 மெமரி, அதை எழுப்பி விடுவது ஜெல் ஃபைல் (கனெக்ட் ஆனதும் போர்டைத் தயார் செய்யும் ஸ்கிரிப்ட்), செட்டப்பில் அதைக் காட்டவே நான் மறந்திருந்தேன், அவ்வளவுதான். கனெக்ட் ஆனதும் ஜெல் செய்திகள் கீழே ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் லோட் செய்யாதீர்கள்.

சரி, சுருக்குவது எப்படி? வண்ணத்தை (யு, வி) விட்டுவிட்டு வெளிச்ச அளவான ஒய் பைட்டுகளை மட்டும் எடுங்கள். பைட் வரிசை யு, ஒய், வி, ஒய் என்பதால் ஒய் ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும். அதிலும் பாதி, வரிகளிலும் பாதி எடுத்தால் 360×288, சுமார் 21 மெகாபிட். நாலு வரியை ஒரு யூடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) பாக்கெட்டில் போட்டால் 1440 பைட், ஒரு படத்துக்கு 72 பாக்கெட். முன்னால் படத்தின் எண்ணையும் பாக்கெட்டின் எண்ணையும் ஒட்டிவிடுங்கள். கணினியில் படத்தை வாங்கிக் காட்ட பைத்தானும் ஓபன்சிவி என்ற பட லைப்ரரியும் போதும். தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபி வேண்டாம், தொலைந்த பாக்கெட்டுக்காகக் காத்திருப்பதைவிட அடுத்த படம் வருவதே மேல்.

பின்சேர்க்கை: கையை அசைத்தால் பழைய படத்தின் துண்டுகள் கோடு கோடாகத் தெரிகின்றன என்று இருவர் எழுதியிருந்தார்கள். துண்டு எவ்வளவு அகலம் என்று கேட்டேன், 32 பிக்சல் என்றார் ஒருவர். சுருக்குவதற்கு முன் அது 64 பிக்சல், அதாவது 128 பைட், எல்2 கேஷில் (பிராசசர் மெமரியின் நகலை வைத்துக்கொள்ளும் வேகமான இடம்) சரியாக ஒரு வரி. கேமரா புதுப் படத்தை நேரே மெமரியில் எழுதிவிடுகிறது, பிராசசரோ கேஷில் இருக்கும் பழையதைப் படிக்கிறது. ஒவ்வொரு படத்தையும் தொடும் முன் கேஷில் உள்ள பழைய நகலைச் செல்லாததாக்கும் பிகேஷ்-இன்வாலிடேட் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள், பஃபரை 128 பைட் எல்லையில் தொடங்க வையுங்கள். இருவருக்கும் கோடு போய்விட்டது.