சமூக ஊடகத்துக்கு விடுப்பு, கையில் ஒரு நோட்டு: 'மின்னல் முரளி' அடுத்த பாகத்தை நீங்களே யோசிக்கலாம்

இன்ஸ்டாகிராமையும் எக்ஸையும் (பழைய ட்விட்டர்) கொஞ்ச நாள் மூடிவைக்கலாம் என்று முடிவெடுப்பவர்கள் நிறையப் பேர். இரண்டாம் நாள் சாயங்காலமே திரும்பி வந்துவிடுபவர்களும் நிறையப் பேர். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். விட்ட நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை, அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நிற்கும் பத்து நிமிடம், சாப்பிட்டு முடித்த கால் மணி, தூக்கம் பிடிக்காத அரை மணி... அப்போதெல்லாம் கை தானாகப் போனைத் தேடும். அந்த நேரத்தில் மனம் அசைபோட ஏதாவது வேண்டும்.

பிடித்த சூப்பர் ஹீரோ படம் ஒன்றின் அடுத்த பாகத்தை மனதுக்குள் கட்டிப் பாருங்கள். கதை எழுதியே பழக்கமில்லாதவர்களுக்கும் இது ஒத்துவரும். ஊர், ஆட்கள், சக்தி, பகை எல்லாம் முதல் பாகத்திலேயே தயாராக இருக்கின்றன. நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: அப்புறம் என்ன ஆச்சு?

உதாரணத்துக்கு 'மின்னல் முரளி'யை எடுத்துக்கொள்கிறேன். பேசில் ஜோசப் இயக்கிய மலையாளப் படம். 2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்ஸில் நேரடியாக வந்தது. தமிழிலும் பார்க்கலாம். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், கீழே முடிவு வரை பேசப்போகிறேன்.

படி 1: கணக்குகளைச் சரியாக மூடுங்கள்

ஆப்பை மட்டும் அழித்தால் போதாது, பிரவுசர் வழியாக உள்ளே போய்விடுவோம். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் 'டீஆக்டிவேட்' செய்யுங்கள், 'டெலீட்' வேண்டாம். டீஆக்டிவேட் செய்தால் படங்கள், நண்பர்கள் எல்லாம் அப்படியே இருக்கும். திரும்ப லாகின் செய்ததும் வந்துவிடும். ஃபேஸ்புக் கணக்கை வைத்து வேறு ஏதாவது ஆப்பில் நுழைகிறீர்களா என்று முதலில் பாருங்கள். அந்த வழியாக நுழைந்தாலும் ஃபேஸ்புக் மறுபடி உயிர்பெற்றுவிடும்.

எக்ஸ் விஷயத்தில் கவனம் தேவை. அங்கே டீஆக்டிவேட் செய்து 30 நாளுக்குள் திரும்பி வராவிட்டால் கணக்கே போய்விடும். நீண்ட விடுப்பு என்றால் எக்ஸை லாக்அவுட் மட்டும் செய்துவிட்டு, பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கம் காலியாகிவிடும். தேடினால்தான் வீடியோ வரும். வாட்ஸ்அப்பை விட முடியாது. வீடு, வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் அதில்தான். குரூப்புகளை ஆர்க்கைவ் செய்துவிட்டு ஸ்டேட்டஸ் பக்கம் போகாமல் இருந்தால் போதும்.

படி 2: படத்தை ஒரே ஒருமுறை பாருங்கள்

நிறுத்தாமல் பாருங்கள். முடிந்ததும் விமர்சனம், ரசிகர்களின் ஊகம், 'எண்டிங் எக்ஸ்ப்ளெயின்ட்' எதையும் தேடாதீர்கள். இந்த விடுப்பும் இந்தக் கதையும் ஒன்றுக்கொன்று உதவுவது இங்கேதான். நமக்கென்று ஓர் எண்ணம் முளைக்கும் முன்பே அடுத்தவர் எண்ணம் பத்து வந்து உட்கார்ந்துவிடுகிறது. சமூக ஊடகம் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வதில் நேரத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போனில் குறிப்பெடுக்க வேண்டாம்.

படி 3: முதல் பாகம் தீர்க்காமல் விட்ட கணக்கைக் கண்டுபிடியுங்கள்

புதிதாக யோசிப்பவர்கள் எல்லோரும் முதலில் போவது 'இன்னும் பெரிய வில்லன்' பக்கம். வானத்திலிருந்து ஒருவன் வருவான், நகரமே இடியும். அதில் ஹீரோவுக்கும் வில்லனுக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. முதல் பாகத்தில் யாருக்கு அநியாயம் நடந்தது, அதை யார் சரிசெய்யவே இல்லை என்று தேடுங்கள்.

'மின்னல் முரளி'யில் இது கண்முன்னே கிடக்கிறது. குறுக்கன்மூலை என்ற கேரள கிராமம், 1990-கள். தையல்காரன் ஜெய்சனையும் டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபுவையும் ஒரே இரவில் மின்னல் தாக்குகிறது. இருவருக்கும் சக்தி வருகிறது. ஷிபுவை ஊரே பைத்தியம் என்று ஒதுக்கிவைத்திருக்கிறது. அவன் மனதில் இருப்பது உஷா ஒருத்திதான். அவளும் ஒருவழியாக அவனை ஏற்கும் நேரத்தில், ஊரார் வைத்த தீயில் இறந்துபோகிறாள். அதன் பிறகுதான் ஷிபு ஊரையே கொளுத்தக் கிளம்புகிறான். ஜெய்சன் அவனைத் தடுக்கிறான், ஷிபு சாகிறான், ஊர் பிழைக்கிறது.

ஷிபுவாக நடித்தவர் நம் மதுரைக்காரர் குரு சோமசுந்தரம். கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் வளர்ந்தவர், 'ஜோக்கர்' படத்தின் நாயகன். உஷாவின் முன்னால் அவர் முகம் குழைவதைப் பார்த்தவர்களுக்கு ஷிபுவை வெறும் வில்லன் என்று சொல்ல மனம் வராது.

அப்படியானால் தீராத கணக்கு எது? உஷாவைக் கொன்ற ஊர், அதே ஊராகவே இருக்கிறது. ஜெய்சன் காப்பாற்றியவர்களில் தீ வைத்தவர்களும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகத்துக்கு இதைவிடக் கனமான விதை வேண்டியதில்லை.

உங்கள் படத்துக்கும் இப்படி ஒரு வரி கிடைக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஆகலாம், ஆகட்டும்.

படி 4: ஹீரோவைச் சங்கடத்தில் மாட்டுங்கள்

2004-இல் வந்த 'ஸ்பைடர்-மேன் 2' இதற்கு நல்ல பாடம். பீட்டர் பார்க்கருக்கு வேலை நிலைக்கவில்லை, படிப்பு சரிகிறது, காதலியிடம் உண்மையைச் சொல்ல முடியவில்லை. ஒரு கட்டத்தில் சக்தியே அவனைக் கைவிடுகிறது. உடுப்பைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நடந்துபோகிறான். 'எனக்கு இது வேண்டுமா?' என்ற கேள்வி அடியில் ஓடுவதால்தான் அதன் சண்டைகள் மனதைத் தொடுகின்றன.

ஜெய்சன் முதலில் அமெரிக்கா போகத் துடித்தவன். இரண்டாம் பாகத்தில் விசா கைக்கு வரட்டும். அதே வாரம் உஷா சாவு பற்றிச் சாட்சி சொல்ல ஒருவர் முன்வரட்டும். ஜெய்சன் இருந்தால்தான் அந்தச் சாட்சி உயிரோடு கோர்ட்டுக்குப் போக முடியும். இப்போது அவன் என்ன செய்வான்?

படி 5: சக்திக்கு ஒரு வேலி

சக்தியால் தீர்க்க முடியாத பிரச்சினையாக இருக்க வேண்டும். ஜெய்சனால் மின்னலாக ஓட முடியும். ஊர் வாய்மூடி இருப்பதை எந்த வேகத்தாலும் உடைக்க முடியாது. சக்திக்குப் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.

படி 6: ஒரே ஒரு காட்சியை முழுதாக எழுதுங்கள்

முழுக் கதையையும் எழுத உட்கார்ந்தால் புதியவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள். ஒரு காட்சி போதும். அதை ஹீரோவின் தொழிலிலிருந்து தொடங்குங்கள். என் நோட்டில் இருப்பது இது:

ஜெய்சனின் தையல் கடை. பெரியவர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சட்டை தைக்க வந்திருக்கிறார். தோள் அளவு, நெஞ்சளவு. கையளவு எடுக்கச் சட்டையின் முழுக்கையைச் சுருட்டும்போது, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தீக்காயத் தழும்பு. ஜெய்சனின் டேப் அப்படியே நிற்கிறது. "அன்னைக்கு அடுப்புல பட்டது மோனே," என்கிறார் பெரியவர், கேட்காமலே. ஜெய்சன் பென்சிலை எடுத்து அளவை எழுதுகிறான். "முழுக்கை தானே சேட்டா?" "ஆமா. முழுக்கைதான்."

பறப்பது இல்லை, அடிதடி இல்லை. இருவருக்குமே தெரியும், இருவருமே சொல்லவில்லை. கதை 1990-களில் நடப்பதால் யாரும் போனில் பதிவு செய்துவிட முடியாது, ஆதாரம் என்பது மனிதர்களின் வாயும் உடம்பும்தான். போனைத் தூர வைத்த நாட்களில் இப்படிப்பட்ட உலகத்துக்குள் போவது சுலபமாக இருக்கும்.

வசனம் மூன்று வரிக்கு மேல் நீண்டால் வெட்டுங்கள். கதாபாத்திரம் தன் மனதில் இருப்பதை அப்படியே சொன்னால் அதையும் வெட்டுங்கள்.

படி 7: வாசித்துக் காட்டுங்கள்

படம் பார்த்த ஒருவரை, தங்கையோ அறைத்தோழரோ யாராவது, உட்காரவைத்துச் சத்தமாக வாசியுங்கள். எங்கே 'அப்புறம்?' என்று கேட்கிறார்களோ அந்த இடத்தைப் பென்சிலால் கோடிடுங்கள். அடுத்த காட்சி அங்கிருந்து தொடங்கும். எங்கே கண் வேறு பக்கம் போகிறதோ அந்த வரிகளை அடியுங்கள்.

விடுப்பு முடிந்து திரும்பும்போது எல்லா ஆப்பையும் ஒரே நாளில் போடாதீர்கள், முதல் வாரம் ஒன்று மட்டும். எழுதியதை நண்பர்களோடு பகிரலாம், ஆனால் பணத்துக்கு விற்கக் கூடாது. பாத்திரங்கள் படத்தை உருவாக்கியவர்களின் சொத்து. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர்கள் அனுமதி வேண்டும். கதை உங்களை விடாமல் இழுத்தால், ஜெய்சன், ஷிபு பெயர்களை எடுத்துவிட்டு உங்கள் ஊரில், உங்களுக்குத் தெரிந்த தொழில் செய்யும் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அப்போது நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்கள் போதாது, இன்னொன்று வாங்க வேண்டியிருக்கும்.