மெடிகேர் கணக்குத் தாளில் பொய்ப் பில்லைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மெடிகேர், அதாவது முக்கியமாக முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, இருந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை தபாலில் ஒரு கணக்குத் தாள் வரும். 'மெடிகேர் சம்மரி நோட்டீஸ்' என்று பெயர். 'இது பில் அல்ல' என்று மேலேயே அச்சிட்டிருப்பதால் பல வீடுகளில் அது பிரிக்காமலே குப்பைக்குப் போகிறது. அம்மா பெயரைச் சொல்லி யார், எந்தத் தேதியில், எதற்காக அரசிடம் பணம் கேட்டார்கள் என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது.

மெடிகேர் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு விசாரிக்கும் அமைப்பு. குறையில்லாமல் வரும் கோரிக்கைக்கு 30 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்பது விதி. நோயாளியின் மெடிகேர் எண்ணும் சிகிச்சைக்கான குறியீடும் பொருந்துகின்றனவா என்று கணினி பார்க்கும். அன்று நோயாளி அங்கே போனாரா என்பது அதற்குத் தெரியாது, நோயாளிக்குத்தான் தெரியும். 2023-இல் சில நிறுவனங்கள் கேட்காதவர்கள் பெயரிலெல்லாம் சிறுநீர்க் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) அனுப்பியதாக 200 கோடி டாலருக்கு மேல் பில் போட்டன. கதீட்டரைக் கண்ணால்கூடப் பார்க்காத முதியவர்கள் அதைத் தங்கள் கணக்குத் தாளில் பார்த்தார்கள்.

முதலில் ஒரு காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போன நாள், டாக்டர் பெயர், ரத்தம் எடுத்தார்களா, எக்ஸ்ரே எடுத்தார்களா, வீட்டுக்கு ஏதாவது கருவி வந்ததா என்று அன்றன்றே ஒரு வரி எழுதினால் போதும். மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வது நடக்காத காரியம். தபாலுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மெடிகேர் இணையதளத்தில் கணக்குத் திறந்தால், கோரிக்கை முடிந்த ஓரிரு நாளில் அங்கே தெரியும்.

இப்போது தாளையும் காலண்டரையும் பக்கத்தில் வைத்துத் தேதி தேதியாகப் பாருங்கள். தெரியாத பெயர் வந்தவுடன் பதற வேண்டாம். எக்ஸ்ரேயைப் படித்த ரேடியாலஜிஸ்ட், திசுவைப் பரிசோதித்த பெதாலஜிஸ்ட், மயக்க மருந்து கொடுத்தவர் எல்லாரும் தனித்தனியே பில் போடுவார்கள். ரத்தம் உங்கள் ஊரில் எடுத்ததாக இருக்கும், லேப் வேறு மாநிலத்தில் இருக்கும். அந்தத் தேதியை ஒட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பெரும்பாலும் அது நியாயமான பில்தான். போகவே போகாத நாளில் முழங்கால் பட்டை, முதுகுப் பட்டை, கதீட்டர், மரபணுப் பரிசோதனை என்று ஏதாவது இருந்தால் அங்கே நிறுத்துங்கள்.

தொகைக் கட்டங்களில் பலரும் தடுமாறுவார்கள். ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: டாக்டர் கேட்டது 280 டாலர், மெடிகேர் ஒப்புக்கொண்டது 130, மெடிகேர் கொடுத்தது 101.92, உங்களிடம் அதிகபட்சம் கேட்கக்கூடியது 26. இதில் 280-ஐ மறந்துவிடலாம், அது கேட்கும் விலை மட்டுமே. அந்த ஆண்டின் டிடக்டிபிள், அதாவது மெடிகேர் கொடுக்கத் தொடங்குமுன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை, முடிந்திருந்தால், 130-இல் 20 சதவீதமான 26 உங்கள் பங்கு. மீதி 104. அதில் 2 சதவீதத்தை, அதாவது 2.08 டாலரை, பட்ஜெட் வெட்டு என்று அரசு பிடித்துக்கொள்கிறது. அந்த இழப்பு டாக்டருடையது. ஆகவே மெடிகேர் கொடுத்ததையும் உங்கள் பங்கையும் கூட்டினால் 130 வரவில்லையே என்று சண்டைக்குப் போகாதீர்கள். டாக்டர் ஆபீஸிலிருந்து 26-க்கு மேல் பில் வந்தால் கேளுங்கள்.

அடுத்து, என்ன சிகிச்சை என்பதைக் குறிக்கும் ஐந்து இலக்கக் குறியீடு. ஏற்கெனவே பார்க்கும் டாக்டரிடம் போனால் வழக்கமாக 99213 அல்லது 99214. நேரத்தை வைத்துப் பில் போட்டால் முன்னதற்குக் குறைந்தது 20 நிமிடம், பின்னதற்கு 30. ஆனால் 2021-லிருந்து, டாக்டர் எடுத்த முடிவு எவ்வளவு சிக்கலானது என்பதை வைத்தும் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கலாம். பத்து நிமிடத்தில் வெளியே வந்தோம், 99214 போட்டிருக்கிறார்களே என்பது மட்டும் மோசடிக்குச் சான்றாகாது. 99202 முதல் 99205 வரை புது நோயாளிக்கு உரியவை. அதே குழுமத்தில் அதே துறை டாக்டரை மூன்று ஆண்டுக்குள் பார்த்தவருக்கு அதைப் போடக் கூடாது. ஒரே தேதியில் ஒரே குறியீடு இரண்டு முறை வந்தாலும் காரணம் கேட்க வேண்டும்.

இங்கே ஒன்று. 2024 நிதியாண்டில் பழைய முறை மெடிகேரில் (அரசே நேரடியாகப் பணம் தருவது) 7.66 சதவீதம், சுமார் 3,170 கோடி டாலர், முறையற்ற பட்டுவாடா என்று அரசே கணக்குக் காட்டியது. மேடைகளில் அதை அப்படியே 'திருட்டு' என்பார்கள். அதில் பெரும்பகுதி ஆவணம் போதாமல் போன கணக்கு. கையெழுத்து விட்டுப்போன நல்ல சிகிச்சையும் அதில் அடக்கம். அதனால் பழகிய டாக்டர் ஆபீஸாக இருந்தால் முதலில் அவர்களுடைய பில்லிங் பிரிவைக் கூப்பிட்டுத் தன்மையாகக் கேளுங்கள். திருத்தி அனுப்பிவிடுவார்கள்.

பெயரே கேள்விப்படாத கருவிக் கம்பெனி என்றால் அவர்களைக் கூப்பிடாதீர்கள். பேச்சுக் கொடுத்து இன்னும் விவரம் பிடுங்குவார்கள். நேரே 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணுக்குப் பேசுங்கள். மொழிபெயர்ப்பாளர் இலவசம். அம்மாவுக்குப் பதிலாக நீங்கள் பேச வேண்டுமானால் அவர் பக்கத்தில் இருந்து சம்மதம் சொல்ல வேண்டும், அல்லது விவரங்களை உங்களுக்குத் தர அனுமதிக்கும் படிவத்தை முன்பே அனுப்பியிருக்க வேண்டும். பலருடைய முதல் அழைப்பு வீணாவது இங்கேதான். சந்தேகம் தீராவிட்டால் சீனியர் மெடிகேர் பேட்ரோல் என்ற உதவி அமைப்பின் எண் 877-808-2468. மெடிகேர் பணம் தர மறுத்த வரியை எதிர்த்து முறையிட, தாள் கைக்கு வந்ததிலிருந்து 120 நாள் உண்டு. கடைசித் தேதி தாளிலேயே அச்சிட்டிருக்கும்.

தனியார் காப்பீட்டுக் கம்பெனி வழியாக மெடிகேர் பெறும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தாள் வராது. காப்பீட்டுக் கம்பெனி அனுப்பும் விளக்கத் தாளை இதே முறையில் பார்க்கலாம்.

மெடிகேர் எண் திருடு போனது உறுதியானால் புது எண் கேளுங்கள், தருவார்கள். புது அட்டை வந்ததும் அம்மா போகும் ஒவ்வொரு டாக்டர் ஆபீஸுக்கும் லேபுக்கும் மருந்துக் கடைக்கும் எண்ணைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உண்மையான பில்களும் திரும்பிவிடும்.