உலர் மாதிரியில் ஜெட் காற்று நகர மறுத்தபோது

வளிமண்டலக் கணினி மாதிரிகளைச் சோதிக்க ஹெல்ட், சுவாரெஸ் இருவரும் 1994-இல் வகுத்த எளிய அமைப்பில் ஈரப்பதமும் இல்லை, மலையும் இல்லை. தரையில் உராய்வு 1 நாள் கால அளவில் காற்றைத் தணிக்கும்; மேலே வெப்பநிலை 40 நாள் கால அளவில் சமநிலையை நோக்கித் திரும்பும். டி42 என்ற பருமனான பிரிதிறனில் நடு அட்சரேகை ஜெட்டின் (மேற்கிலிருந்து வீசும் வேகக் காற்றுப்பட்டையின்) வடக்கு-தெற்கு அசைவு, இயற்கையில் காணும் சுமார் 10 நாளைவிடப் பல மடங்கு நீடித்தது.

முதலில் சந்தேகிக்க வேண்டியது மாதிரியை ஓட்டிய கால நீளத்தை. 1,000 நாள் ஓட்டினால் இந்த நீடிப்புக் கால எண் நிலைக்காது. தொடக்க 300 நாளைக் கழித்து 10,000 நாள் ஓட்டினேன். மண்டலச் சராசரிக் காற்றை (ஒவ்வொரு அட்சரேகையிலும் பூமியைச் சுற்றி எடுத்த சராசரி) அட்சரேகைக் கொசைனின் வர்க்கமூலத்தால் பெருக்கிய பிறகே முதன்மைக் கூறு, அதாவது மாறுபாட்டின் பெரும்பங்கைக் காட்டும் வடிவம், எடுக்க வேண்டும்; விட்டால் துருவப் பகுதி அளவுக்கு மீறிக் கனக்கும். அந்தக் கூறு தன் முந்தைய நிலையோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைச் சொல்லும் தன்தொடர்பு, 1-இலிருந்து 0.37-க்கு இறங்க எடுக்கும் நாள்களே நீடிப்பு.

எண் நிலைத்தது, ஆனாலும் பெரிது. பிரிதிறனை இன்னும் நுண்ணிய டி85-க்கு உயர்த்தியதும் குறைந்தது. நடு அட்சரேகையில் பூமியைச் சுற்றி இரண்டு முகடுள்ள அலை வடிவ மலை சேர்த்ததும் மேலும் இறங்கியது. மலை வைத்தால் தொடக்க நாள்களை மறுபடியும் கழிக்க வேண்டும்.