மரத்தில் நுண்வேலை: ரோட்டரி டூலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளி பிடித்துப் பழகியவர்கள் ரோட்டரி டூலை (சுழலும் முனையால் செதுக்கும் சிறு மின்கருவி) எடுத்ததும் செய்கிற முதல் தவறு, அழுத்துவது. உளியில் வெட்டுவது நம் கைபலம். இங்கே வெட்டுவது சுழற்சி. அழுத்தினால் மோட்டார் திணறும், வேகம் இறங்கும், பர் (டூலின் முனையில் மாட்டும், சுழன்று வெட்டும் துண்டு) வெட்டாமல் மரத்தைத் தேய்க்க ஆரம்பிக்கும். கருகல் வாடை வந்தால் இதுதான் நடக்கிறது என்று அர்த்தம். கருகின இடத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம்தான், ஆனால் கூடவே நீங்கள் செதுக்கிய முகத்தின் இமையும் உதடும் மழுங்கிப் போகும். பென்சிலால் மெல்லிய கோடு போடுகிற அழுத்தம் போதும். அதில் வெட்டவில்லை என்றால் பர் மழுங்கிவிட்டது, இல்லையென்றால் அதன் பல்லிடுக்கில் பிசின் அடைத்திருக்கிறது. பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து பாருங்கள்.

அடுத்தது வேகம். எல்லா பர்ருக்கும் ஒரே வேகத்தை வைத்துவிடுகிறார்கள். 10 மி.மீ. பர் நிமிடத்துக்கு 15,000 சுற்றில் ஓடினாலே, அதன் விளிம்பு 30,000 சுற்றில் ஓடும் 2 மி.மீ. பர்ரின் விளிம்பைவிட இரண்டரை மடங்கு வேகமாகப் போகிறது. பெரிய பர்ருக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். பர்ரின் தண்டை காலெட்டில் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் டூலின் வாய்) பாதி மட்டும் செருகி நீட்டி வைப்பதும் ஆபத்து. அதிக வேகத்தில் மெல்லிய தண்டு வளைந்துவிடும். 2.35 மி.மீ. தண்டை 3.2 மி.மீ. காலெட்டில் இறுக்கிச் சமாளிக்கவும் வேண்டாம்.

பலர் கவனிக்காதது, பர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது. டூலின் பின்னாலிருந்து பார்த்தால் பர் வலஞ்சுழியாகச் சுற்றும். நுனி உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க, பர்ரின் அடிப்பக்கம் மரத்தில் படும்படி வைத்து வலப்பக்கம் நகர்த்தினால், அது சக்கரம் மாதிரி உருண்டு ஓடப் பார்க்கும். இடப்பக்கம் நகர்த்தினால் கட்டுக்குள் நிற்கும். மூக்கு நுனி, காது மடல் மாதிரி விளிம்புகளில் இதை மறந்தால், ஒரு நொடியில் பர் எகிறிச் சிற்பத்தின் முகத்தில் கோடு போட்டுவிடும்.

கண் செதுக்கும்போது நேரே பர்ரோடு இறங்காதீர்கள். வாகை மரத்தில் ஒரு இமை என்று வைத்துக்கொள்வோம். முதலில் கூரான கத்தியால் இமைக்கோட்டை மெல்லக் கீறிக்கொள்ளுங்கள். அப்புறம் 1 மி.மீ. உருண்டை பர்ரால் கோட்டுக்கு உட்பக்கத்தை மட்டும் எடுங்கள். கீறல் நாரை முன்பே அறுத்துவிடுவதால் பிசிறு வெளியே ஓடாது. தட்டையான பின்னணியை மட்டும் உருண்டை பர்ரால் சமப்படுத்தப் பார்க்காதீர்கள், அலை அலையாகத்தான் வரும்.

வைரத்தூள் பதித்த டைமண்ட் பர்ரை மரத்தைக் குடைந்தெடுக்கப் பயன்படுத்துவது வீண்செலவு. மாவு மாதிரி தூள் சீக்கிரமே அதை அடைத்துவிடும். குடைய, வெட்டும் பல் உள்ள கார்பைடு பர்; கடைசி மெருகுக்கு டைமண்ட்.

பாதுகாப்பில் துணிக் கையுறைதான் பெரிய தப்பு. நூல் பர்ரில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். தோளில் தொங்கும் துண்டும் அப்படித்தான். கண்ணாடி கட்டாயம். ரோட்டரி டூல் பறக்கவிடும் தூள் உளிச் சீவலைப் போல் கீழே விழாது, காற்றில் நிற்கும். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. முகத்தில் கட்டும் கைக்குட்டை இதற்குப் போதாது. என்95 மாஸ்க்கை மூக்கோடு ஒட்டப் போட்டுக்கொண்டு, டூலை நிறுத்திய பிறகும் தூள் அடங்கும்வரை கழற்றாமல் இருங்கள்.